முன்னறையில் இரண்டு ஜோடி

எங்கள் மாடியில் யார் வீட்டுக்கு எது வந்தாலும் என் கதவைத் தாண்டித்தான் போயாக வேண்டும். கட்டடம் கட்டினவர் அப்படிக் கட்டிவிட்டுப் போய்விட்டார்; அதற்கு நான் என்ன செய்வது? கதவைத் திறந்து வைத்தால் காற்று வருகிறது. காற்றோடு மற்றதும் வருகிறது. இதற்குப் போய்க் கீழே கடை வைத்திருக்கும் இஸ்திரிக்காரர் எனக்கு ‘மாடிப்படி ரேடியோ’ என்று பெயர் வைத்திருக்கிறார். கேட்கும்போது காது இனிக்கிறது, அப்புறம் ரேடியோவைக் குறை சொல்கிறார்.

எதிர்வீட்டில் இருப்பவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் நின்றுபோன லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனிதர், தன் வீட்டுக்கு மூன்று மாடி மூச்சு வாங்க ஏறித்தான் வர வேண்டும். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஐம்பத்தொரு வயதுவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டார். அம்மா போன பிறகு பாட்டு கேட்டுக்கொண்டார். அவர் முன்னறையில் சோபாவுக்கு எதிரே, சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் நிற்கும். கறுப்பாக, அசையாமல், முறைத்துக்கொண்டு. துவாரபாலகர்கள் என்று நான் பெயர் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் பாட்டுப் போட்டால் என் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் தாளம் போடும்.

அப்படிப்பட்டவர் அடுத்த தெருவில் இருக்கும் டெய்லரம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். எனக்கு முன்பே தெரியும். ஒரே வருஷத்தில் ஏழு தடவை பை கிழிகிற யூனிஃபார்ம் எந்தக் கம்பெனியிலும் தைப்பதில்லை. அவர் பையைக் கிழித்துக் கிழித்து எடுத்துப் போனார். அந்தம்மா தைத்துத் தைத்துக் கொடுத்தாள். எட்டாவது தடவை பதிவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

டெய்லரம்மாவின் முதல் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள், வேறு ஊரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மாவின் கல்யாணத்துக்குப் போனில் சரி என்று சொல்லிவிட்டாள். நேரில் வரவில்லை. டியூட்டியாம். டியூட்டி என்ற சொல்லுக்குள் எத்தனை அர்த்தம் இருக்கிறதென்று பெற்றவளுக்குத் தெரியாதா? அவள் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

சாமான் வந்த அன்று நான் கதவருகே பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். ஆறு பூண்டு உரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்குப் பூண்டுதான். தையல் மெஷின் வந்தது, பீரோ வந்தது, துணி மூட்டைகள் வந்தன. கடைசியில் டெய்லரம்மாவே வந்தாள். இரண்டு கையிலும் இரட்டைக் குழந்தைகளை இடுக்கிக்கொண்ட மாதிரி இரண்டு பலகைப் பெட்டிகள்.

“என்னம்மா அது, புறாக்கூடா?”

“ஸ்பீக்கர்க்கா. அவரு கையால செஞ்சது.”

“எந்த அவரு?” கேட்டிருக்கக் கூடாது. வாய் முந்திக்கொண்டது.

“மொத அவரு,” என்றாள் அவள், சாதாரணமாக. பின்னால் தலையணைகளோடு ஏறிக்கொண்டிருந்த இரண்டாவது அவர் நின்று, “பாத்து, ஓரம் இடிக்கப்போகுது,” என்றார். பெட்டியின் ஓரத்தைச் சொன்னார்.

மறுநாள் விஷயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நானாகக் கேட்கவில்லை, ஒரு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கிண்ணம் யாருடையது என்பது வேறு விஷயம்.

“ரெண்டாவது ஞாயித்துக்கெழம மக வர்றாக்கா,” என்றாள் டெய்லரம்மா. “இந்த வீட்டுக்கு மொதத் தடவ.”

“நல்லதுதானே.”

“போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அப்பா ஸ்பீக்கர எங்கம்மா வெப்பேன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“முன்னறையிலதான்னு சொல்லிட்டேன்.” சொல்லிவிட்டுத் துவாரபாலகர்களைப் பார்த்தாள். முன்னறையில் இடம் காலியாக இல்லை என்பது என் கண்ணுக்கே தெரிந்தது.

லிஃப்ட்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “முன்னறையில வெக்காம? பரண்லயா வெப்பாங்க? ஆம்ப்ளிபயர்ல ரெண்டு ஜோடிக்கு எடம் இருக்கு. ஏ-ன்னு ஒரு பட்டன், பி-ன்னு ஒரு பட்டன். இத்தன வருஷமா அந்த பி சும்மாத்தான் கெடக்கு.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க நான் எட்டிப் பார்த்தேன். மனிதர் ஆம்ப்ளிபயரின் முதுகுக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் தெரியவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, ஒழுங்காகத்தான் செய்தார். இரண்டு ஜோடியையும் சேர்த்து ஓட்டினால் ஆம்ப்ளிபயருக்குச் சுமை கூடுமாம். ஸ்பீக்கரின் முதுகில் ஓம் என்று போட்டு எண் இருக்கும்; சாமி ஓம் இல்லை, கரண்ட் கணக்கு. அது ரொம்பக் குறைவாக இருந்தால் ஆம்ப்ளிபயர் சூடாகிப் படுத்துவிடும். அவருடையது எட்டு. வேன்காரரின் பெட்டியில் எண் இல்லை, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, “இதுவும் எட்டுதான் போட்டிருக்காரு. ரெண்டும் சேந்தாலும் தாங்கும்,” என்றார். துவாரபாலகர்களை ஆளுக்கு ஒரு முழம் ஒதுக்கிவிட்டு, உள்பக்கம் இரண்டு முக்காலி போட்டு, சின்னப் பெட்டிகளை ஏற்றினார். வயரைக் கையில் எடுத்தபோது டெய்லரம்மா வாங்கிக்கொண்டாள்.

“இருங்க. இது எனக்குத் தெரியும்.”

ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் வருகிற வயர் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். அடையாளத்துக்கு ஒன்றின் முனையில் சிவப்புத் தையல் நூல் சுற்றியிருந்தது. “நூல் சுத்தினது சிவப்பு ஓட்டைக்கு. சுத்தாதது கறுப்புக்கு,” என்று வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிக்கொண்டே செருகினாள். இருபத்தைந்து வருஷமாகத் தூசு தட்டித் தட்டிச் செருகிய கை.

என்னைச் சோபாவின் நடுவில் உட்கார வைத்தார்கள். நடுநிலையாளராம். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஏ பட்டன்: துவாரபாலகர்கள். பழக்கப்பட்ட சத்தம், பாட்டுக்காரர் நெஞ்சிலிருந்து பாடினார். பி பட்டன்: வேன்காரரின் பெட்டிகள். நான் புறாக்கூடு என்று கேலி பேசினேனே, அதிலிருந்து அவ்வளவு இனிமை வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் சின்னக் குரல், கொஞ்சம் பக்கத்தில். டெய்லரம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினார்.

பாட்டுக்காரர் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அப்படித்தான் இருந்தது. தபலாவைக் காணோம். நாலு ஸ்பீக்கர் ஓடுகிறது, இரண்டு ஓடினபோது இருந்த கனத்தில் பாதிகூட இல்லை. குரல் அறையின் நடுவிலிருந்து வராமல் எங்கெங்கேயோ மூலையிலிருந்து வந்தது.

லிஃப்ட்காரர் பின்னால் போய்ப் பார்த்தார். சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு, நூல் கட்டினது சிவப்பில். எல்லாம் சரி. தள்ளி வைத்தார், கிட்ட வைத்தார், சற்றே திருப்பி வைத்தார். பாட்டுக்காரர் வெளியே வரவில்லை.

“ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்கல போலிருக்கு,” என்றேன் நான்.

ஸ்பீக்கரைத்தான் சொன்னேன். சத்தியமாக ஸ்பீக்கரைத்தான். ஆனால் சொன்னது சொன்னதுதான். டெய்லரம்மா போய் பி பட்டனை அணைத்தாள்.

இத்தோடு விட்டிருக்கலாம். நான் விடுகிற ஜாதியா? இஸ்திரிக்குத் துணி போடும்போது, எதிர்வீட்டில் புது ஸ்பீக்கரும் பழைய ஸ்பீக்கரும் சேர்ந்து பாட மாட்டேன் என்கிறது என்று லேசாகச் சொன்னேன். சாயங்காலம் அது படியேறி வந்தபோது, “டெய்லரம்மா வீட்ல ரெண்டு பேருக்கும் ஆகலையாமே” என்று இருந்தது. நான் சொன்னது அப்படியில்லை என்று மறுக்கக்கூட முடியவில்லை. வம்புக்கு யாரும் ரசீது கொடுப்பதில்லையே.

மகள் வருகிற வாரம் புதன்கிழமை பார்த்தால், சின்னப் பெட்டிகள் இரண்டும் பழைய போர்வையில் சுற்றிக் கட்டப்பட்டுக் கதவோரம் இருந்தன.

“என்னம்மா இது?”

“அவ வந்தா எடுத்துக்கிட்டுப் போகட்டும்க்கா.” டெய்லரம்மா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. “தனியா பாடினா எவ்வளவு நல்லாப் பாடுது. இந்த வீட்ல சேர மாட்டேங்குது. அதப் புடிச்சி வெச்சி என்ன பண்ண?”

“முன்னறையிலதான்னு சொன்னியே பொண்ணுகிட்ட?”

“சொன்னேன்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அதத் தூக்கிக்கிட்டுப் போனான்னா அப்புறம் இங்க வர அவளுக்கு என்ன இருக்கு, சொல்லுங்க. அம்மாவப் பாக்கணும்னா போன் இருக்கு.”

ஒத்துக்கலை என்று முதலில் சொன்ன வாய் என்னுடையதுதானே. அந்த வாரம் இஸ்திரிக்காரரிடம் துணியை வீசிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தேன். அவர் பயந்துபோய் என் வீட்டுக்காரரிடம், “அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாராம்.

சனிக்கிழமை மதியம் டெய்லரம்மா பள்ளிக்கூடச் சட்டைகள் கொடுக்கக் கிளம்பினாள். அவள் கால் கடைசிப் படியைத் தொட்டிருக்காது, எதிர்வீட்டில் துவாரபாலகர்களை இழுக்கிற சத்தம். நான் போனேன். இந்தத் தடவை கையில் கிண்ணம்கூட இல்லை.

லிஃப்ட்காரர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். போர்வை பிரிந்து கிடந்தது. கையில் டார்ச் லைட்டிலிருந்து எடுத்த பேட்டரி ஒன்று.

“வாங்கக்கா. கதவச் சாத்துங்க.”

இந்த வீட்டில் முதல் தடவையாக யாரோ என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தச் சொல்கிறார்கள். சாத்தினேன்.

“நேத்து ஒரு லிஃப்ட். மேல போகச் சொன்னா கீழ போகுது. மோட்டார மாத்தியிருக்காங்க, மாட்டினவன் ரெண்டு வயர எடம் மாத்திக் குடுத்துட்டான். மோட்டார்ல கோளாறு கெடயாது. வயர்லயும் கோளாறு கெடயாது. ஆனா போற தெசை எதிரு. அப்பத்தான் பொறி தட்டிச்சு.” துவாரபாலகரின் முன்பக்கத் துணியைக் கழற்றினார். உள்ளே வட்டமாகக் காகிதக் கூம்பு. “இப்பப் பாருங்க. பேட்டரியோட பிளஸ் இந்த சிவப்புல.”

தொட்டார். டுப் என்று கூம்பு வெளியே வந்தது.

“இப்ப அவரோடது. பிளஸ், நூல் சுத்தின வயர்ல.”

தொட்டார். டுப். கூம்பு உள்ளே போனது. இன்னொரு பெட்டியிலும் தொட்டார். அதுவும் உள்ளே.

நான் லிஃப்ட் ஏறத் தெரியாதவள் இல்லை, புரிந்தது. “அதாவது, உங்களுது தள்ளும்போது அது இழுக்குது.”

“அதேதான். இது காத்தத் தள்ளுது, பக்கத்துலயே அது காத்த இழுக்குது. கூட்டிக் கழிச்சா ஒண்ணுமில்ல. தனித்தனியா பாடினா தெரியாது; ஏன்னா அதுங்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு, இதுங்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. சேத்தாத்தான் தெரியும்.”

“அட, அவ்வளவுதானா!” எனக்கு ஆசுவாசத்தில் குரல் கூடிவிட்டது. “நூல அவுத்து அடுத்த வயர்ல கட்டிடுங்க, முடிஞ்சிது. அந்த மனுஷன் தப்பாக் கட்டியிருக்காரு.”

அவர் பெட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டார். ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தது. கட்டை விரலால் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார். தன் தொழில்காரன் ஒருவனின் வேலையைப் பார்க்கிற மாதிரி.

“எதுக்குக்கா அவுக்கணும்?”

“தப்பா இருக்குல்ல?”

“இருபத்தஞ்சு வருஷம் நல்லாத்தான பாடியிருக்கு. அவ கண்ண மூடிக்கிட்டுச் செருகுவா, நீங்களே பாத்தீங்க. நூல் சுத்தினது சிவப்புக்குன்னு. நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து பாத்தா, அவளுக்கும் அந்தக் கணக்குதான் தெரிஞ்சிருக்கும். உங்கப்பா தப்பாக் கட்டிட்டாரும்மா, நான் சரி பண்ணிட்டேன்னு நான் நிக்கணுமா?”

“பின்ன என்ன பண்ணப் போறீங்க?”

“என்னுது நாலு வயர். என்னுத மாத்திட்டாப் போச்சு.”

துவாரபாலகர்களின் பின்னால் மண்டியிட்டார். சிவப்பில் இருந்த சிவப்பு வயரைப் பிடுங்கிக் கறுப்பில் செருகினார், கறுப்பைச் சிவப்பில். இரண்டிலும். கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுத்த சரியான முறையை, தெரிந்தே, தப்பாக்கினார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். “இப்ப நாலும் ஒரே பக்கம் தப்பு. காதுக்கு வித்தியாசம் தெரியாது.”

சின்னப் பெட்டிகள் முக்காலி ஏறின. இரண்டு பட்டன்களையும் அமுக்கினார்.

பாட்டுக்காரர் குளியலறையை விட்டு வந்து அறையின் நடுவில் உட்கார்ந்தார். தபலா வந்தது. பெரியவர்களின் கனம் அடியில் கிடக்க, அதன்மேல் சின்னவர்களின் குரல் நடந்தது. என் வீட்டு டம்ளர்கள் தாளம் போடுவது இங்கே வரை கேட்டது. நான் ஒரு முழுப் பாட்டு பேசாமல் இருந்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

“அக்கா. இத வெளிய சொல்லிடாதீங்க. முக்கியமா அவகிட்ட.”

“என்கிட்டயா சொல்றீங்க!” என்றேன். என்னிடம்தான் சொன்னார். அதுதான் கஷ்டம்.

கதவு திறந்தது. டெய்லரம்மா காலித் துணிப்பையோடு நின்றாள். படியேறும்போதே கேட்டிருக்கிறாள்; மூச்சு வாங்கியது மாடியால் மட்டும் இல்லை.

“என்ன பண்ணீங்க?”

“என்னுதுல ஒரு வயர் லூசா இருந்திச்சு,” என்றார் அவர். “உன்னோடதுல ஒண்ணுமில்ல. அது மொதல்லேர்ந்தே சரியாத்தான் இருந்திச்சு.”

டெய்லரம்மா போர்வையை எடுத்து மெதுவாக மடித்தாள். நாலாக மடித்து, எட்டாக மடித்து, இனி மடிக்க முடியாது என்கிறவரை மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வந்தாள். ஒல்லியாக, முதுகுப்பையோடு, வந்த வழியைப் பார்த்துக்கொண்டே நிற்கிற மாதிரி ஒரு பெண். லிஃப்ட்காரரை “சார்” என்றாள். அவரும் “வாங்க” என்றார். இருபத்திநாலு வயசுப் பெண்ணை நீங்க நாங்க என்று. இரண்டு பேரும் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தது நேர்முகத் தேர்வு மாதிரி இருந்தது. நான் அங்கே என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். சர்க்கரை கடன் வாங்கப் போயிருந்தேன்.

மகள் எழுந்து போய்ப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். “நூல் சுத்தினது சிவப்புக்கு,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு பட்டன்களைப் பார்த்தாள். ஏ-யை மட்டும் அமுக்கினாள். பி-யை மட்டும் அமுக்கினாள். அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

“இடது பக்கத்துல ஒரு சின்னக் கரகரப்பு இருக்கும்,” என்றாள். “இன்னும் இருக்கு.”

“இருக்கும்மா,” என்றார் லிஃப்ட்காரர். “கேட்டேன். தொடல.”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிவிட்டு வந்து சோபாவில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றாவது பாட்டில் அம்மா தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நைட் டியூட்டி முடித்து அப்படியே ரயில் ஏறி வந்திருக்கிறாள். லிஃப்ட்காரர் சத்தத்தைக் குறைக்கப் போனார்.

“வேணாம், சார்,” என்றாள் கண்ணைத் திறக்காமல். “இருக்கட்டும்.”

சாயங்காலம் கிளம்பும்போது பெட்டிகளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. படியில் இறங்கியவள் நாலு படி திரும்ப ஏறி, “அப்பாவோட கேசட் ஒரு பை நெறைய என் ரூம்ல இருக்கு. அடுத்த மாசம் வரும்போது எடுத்துட்டு வரேன். கேசட் ஓட்ட ஏதாச்சும் இருக்கா சார்?” என்றாள். அவர் இல்லாத மெஷினுக்கு இருக்கிறது என்று தலையாட்டினார். மறுநாளே எங்கேயோ பழசு ஒன்று தேடிப் பிடித்து வந்துவிட்டார் என்பது தனிக் கதை.

என் கதையைக் கேளுங்கள். நாற்பத்துமூன்று நாள். அந்த விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நாற்பத்துமூன்று நாள் இருந்தேன். இஸ்திரிக்காரர், “என்னம்மா, எதிர்வீட்ல சண்ட தீந்துச்சா?” என்று கேட்டபோது, “உங்க வேலையப் பாருங்க,” என்றேன். அவர் இஸ்திரிப் பெட்டியை அப்படியே சட்டையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சட்டை என்னுடையதில்லை, நல்லவேளை.

நாற்பத்துநாலாவது நாள் எதிர்வீட்டில் வெள்ளையடித்தார்கள். சாமானெல்லாம் நகர்த்தி, வயரெல்லாம் பிடுங்கிப் போட்டு, அடித்து முடித்துவிட்டுப் போனார்கள். லிஃப்ட்காரர் வேலைக்குப் போயிருந்தார். டெய்லரம்மா தனியாக எல்லாவற்றையும் திரும்பச் செருகிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு வேர்த்துவிட்டது. சின்னப் பெட்டிகள் முடிந்தன. நூல் கட்டினது சிவப்புக்கு. துவாரபாலகர்களுக்கு வந்தாள். சிவப்பு வயரைக் கையில் எடுத்தாள். சிவப்பு ஓட்டைக்குப் போனால் எல்லாம் போச்சு. சொன்னால் கொடுத்த வாக்கு போச்சு. வாயைத் திறந்தேன்.

அவள் சிவப்பு வயரைக் கறுப்பு ஓட்டையில் செருகினாள். யோசிக்காமல்.

“அ… அது…”

“இவரோடதுல சிவப்பு கறுப்புக்குத்தான்க்கா போகணும்,” என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“துணியோட உள்பக்கம் எது வெளிப்பக்கம் எதுன்னு பாத்துத்தான் நான் பொழைக்கிறேன். திருப்பிப் போட்டது தெரியாதா? மக வந்துட்டுப் போன மறுநாள் தூசு தட்டும்போதே பாத்தேன்.”

“அவர்கிட்ட கேட்டியா?”

“எதுக்கு? வயர் லூசா இருந்திச்சுன்னு சொன்னாரே.” அடுத்த வயரை எடுத்தாள். அதைச் செருகிவிட்டு, சின்னப் பெட்டியின் நூலை விரலால் நிமிண்டிக்கொண்டே சொன்னாள்: “இந்த நூலக் கட்டினது அவரு இல்லக்கா. நான். கல்யாணமான புதுசு. அவரு வயர ரெண்டு கையிலயும் புடிச்சிக்கிட்டு, இதுல ஒரு அடையாளம் கட்டுன்னாரு. எந்தக் கையக் காட்டினாரோ, நான் எதுல கட்டினேனோ. ரெண்டு பெட்டியிலயும் கட்டிட்டேன். அவருக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் இப்பத் தோணுது. பெட்டி செஞ்ச மனுஷனுக்குத் தெரியாமயா இருக்கும்?”

கடைசி வயரைச் செருகிவிட்டு எழுந்தாள். “அவரும் அவுக்கல. இவரும் அவுக்கல.”

நான் மூக்கை உறிஞ்சினேன். சுண்ணாம்பு வாடை ஒத்துக்கொள்வதில்லை எனக்கு.

“அக்கா, எனக்குத் தெரியும்னு இவர்கிட்ட சொல்லிடாதீங்க,” என்றாள் அவள். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே விஷயத்தை, ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர், என்னிடம் கொடுத்து வைத்துவிட்டார்கள். நாலு வயருக்கு நடுவில் நான்.

இரண்டு பட்டனையும் அமுக்கினாள். நான் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். டம்ளர்கள் தாளம் போட்டன.

“எதிர்வீட்ல என்ன இவ்வளவு நேரம்? என்ன சேதி?” என்றார் என் வீட்டுக்காரர், வழக்கம்போலக் கதை கேட்கப் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு.

“ஒண்ணுமில்ல,” என்றேன்.

அவர் எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.